முதுகுன்றத்து நாட்டில் ஓர் அடைக்கலம்

விருத்தாசலம் என்ற பெயரைச் சொன்னால் இக்காலத்தார் பலருடைய மனத்தில் முதலில் தோன்றுவது பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை அடைவதற்காக அகற்றப்படும் மேல்மண்ணோடு கிடைக்கும் வெண்களிமண்ணை ஆதாரமாகக் கொண்டு சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வளர்ந்த பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிப்பதற்கென்றே ஏற்பட்ட தொழில்நுட்பப் பயிலகமும், சூளைகளிலிருந்து வெளியூர்களுக்குப் புறப்படும் அகல் விளக்குகளும் பொம்மைகளும் இவ்வூருக்குப் புதியதொரு கீர்த்தியைத் தேடித் தந்திருக்கின்றன. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடியோர் போற்றிய இப்பிரதேசத்துக்கோ இன்னொரு பழைய கீர்த்தியும் உண்டு. பசித்தவனும் அஞ்சியவனும் கூப்பிட்ட குரலுக்கு வருகின்ற தாய் ஒருத்தி தங்கள் மண்ணில் இருக்கிறாள் என்று இந்நாட்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்தார்கள். அந்த நம்பிக்கை சைவத்தில் ஒரு விதமாகவும், கிறிஸ்தவத்தில் மற்றொரு விதமாகவும் உருக்கொண்டது. இக்கட்டுரையின் விஷயம் பின்னதுதான் என்றாலும், முன்னதைச் சொல்லாமல் அதைத் தொடங்க இயலாது.

திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்குச் சென்ற குரு நமசிவாயர் வழியில் பழமலைநாதர் கோவிலில் தங்கினார் என்பதும், பசியால் வாடிய அவர் அம்பிகையைப் பழமலைநாதரின் கிழத்தி என்று பாடி அன்னம் வேண்டினார் என்பதும், முதியவள் ஒருத்தி எதிரே வந்து, கிழவியால் சோறு சுமந்து வர ஆகுமோ, இளையவளாகப் பாடு என்று கேட்க அவர் அவ்வாறே பாடினார் என்பதும், இளநங்கையாய் வந்து அவள் அமுது படைத்தாள் என்பதும் இவ்வூரில் குழந்தைகளும் அறிந்த கதை. பெரியநாயகி, இளையநாயகி என்று இரண்டு திருநாமங்களோடு அம்மை அங்கே கோவில்கொண்டிருக்கிறாள். ஆகையால், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலிய தேசத்துத் துறவி ஒருவர் முகாசாபரூரை அடுத்த கோணாங்குப்பத்தில் யேசுநாதரின் அன்னைக்கு ஓர் ஆலயம் அமைத்து, அந்த அன்னையைப் பெரியநாயகி என்றே அழைத்தபோது, அப்பெயர் அயலூர்ப் பெயராக ஒருவர் செவியிலும் விழுந்திராது.

அந்தத் துறவி கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. தமிழுலகம் அவரை வீரமாமுனிவர் என்று அறியும். 1680ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, யேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டில் மதுரை மிஷனுக்கு வந்துசேர்ந்தவர். அவர் இயற்றிய சதுரகராதியையும் தொன்னூல் விளக்கத்தையும் பரமார்த்த குரு கதையையும் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அவர் எந்தக் காலத்தில், எப்படிப்பட்ட பயத்தின் நடுவே வாழ்ந்த மக்களிடம் கடவுளின் அன்பைப் பற்றிப் பேசினார் என்பதைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

அது காவல் அற்ற காலம். 1698இல் செஞ்சிக் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. 1714இல் செஞ்சியின் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டான். 1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்து, அதை ஆண்ட சந்தா சாகிபைச் சிறையெடுத்துப் போயினர். அதன்பின் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபைத் தூக்கிக்கொண்டு இந்நாட்டின் வயல்களில் சண்டையிட்டனர். 1751இல் விருத்தாசலத்துப் பெருங்கோவிலே ஒரு கோட்டையாக ஆங்கிலப் படையின் கைக்கு மாறியது. அங்கே துணைப்படையோடு வந்துவிட்டுத் திரும்பிய ராபர்ட் கிளைவ், வழியில் பாளையக்காரரின் ஆட்களால் தாக்கப்பட்டுக் குதிரையின் வேகத்தால் உயிர் தப்பினார் என்று ஆங்கிலச் சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1780இல் ஹைதர் அலியின் சேனை கருநாடகச் சீமையின்மேல் வந்து விழுந்தது. மறுவருஷம் பரங்கிப்பேட்டைப் போர் நிகழ்ந்தது. தேவாலயத்தின் மதிலே போர்க்கருவியாகிவிட்ட ஒரு நாட்டில், உழுதவன் தன் விளைச்சலைத் தானே அறுப்பான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒரு நூற்றாண்டில், காவல் என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்பதை நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

கோணாங்குப்பத்து ஆலயம் எழுந்த வரலாற்றை அவ்வூரார் கூறும் விதம் இது. காட்டு வழியே சென்றுகொண்டிருந்த முனிவர் களைப்பால் மரத்தடியில் கண்ணயர்ந்தபோது, மாடு மேய்க்கும் சிறுவர்கள் அவர் பையிலிருந்த மாதாவின் சுரூபத்தை விளையாட்டாக எடுத்துப் புதர் மறைவில் வைத்துவிட்டார்கள். விழித்தெழுந்தவர் தேடித் தேடிக் காணாமல் துயரத்தோடு அப்பாற் சென்றார். முகாசாபரூரில் ஆண்ட கச்சிராயர் என்னும் தலைவர் புத்திர பாக்கியம் இல்லாமல் ஏங்கியிருந்தவர். அவருடைய கனவில் ஒரு மாது தோன்றி, தான் காட்டில் இருக்கும் இடத்தைச் சொல்லி, தனக்கு ஒரு கோவில் எடுக்குமாறு பணித்தாள். அவர் அவ்விடம் சென்று சுரூபத்தைக் கண்டெடுத்து, சிறியதொரு கோவிலை எழுப்ப, மகப்பேறும் வாய்த்தது. பிற்காலத்தில் இதைக் கேள்வியுற்று வந்த முனிவர், இழந்த பொருளைத் தாம் தேடிக் கண்டடையாமல், அதுவே தனக்கு ஓர் இடத்தைத் தேடிக்கொண்டதை அறிந்து ஆனந்தக் கண்ணீர் சொரிந்து, அந்த இடத்திலேயே பெரிய ஆலயத்தை அமைத்தார்.

இக்கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு பக்தி என்று பிரித்துக் காட்டும் வேலையில் எனக்கு விருப்பமில்லை. புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை முனிவரின் சரித்திரத்தை எழுதிய 1822ஆம் ஆண்டுக்குள்ளாகவே அவரைச் சுற்றிப் பல கர்ண பரம்பரைக் கதைகள் வளர்ந்திருந்தன. அவற்றில் சிலவற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஏற்கவில்லை. எனினும் ஒரு கதையை ஜனங்கள் மூன்று நூற்றாண்டு காலம் மறவாமல் சொல்லிக்கொண்டிருந்தால், அவர்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதுவே சாசனமாகிறது. இந்தக் கதையில் மதபோதகர் சுரூபத்தைத் தொலைத்தவர். அதைக் கண்டெடுத்தவர் வேறு சமயத்தவர். கனவு வந்தது குருவுக்கு அல்ல, பிள்ளையில்லாத ஒருவருக்கு. தெய்வ கிருபை தன்னைச் சுமந்து வந்தவரின் கையிலிருந்து நழுவி, தன்னை இன்னும் அறியாதவனிடம் தானே போய்ச் சேர்கிறது. கிறிஸ்தவ வேதசாஸ்திரிகள் மனிதனின் தகுதியைக் கருதாமல் முந்திக்கொண்டு வரும் கிருபை என்று விரிவாக எழுதுவதை, ஆயர் சிறுவர்களையும் ஒரு முட்புதரையும் வைத்துக்கொண்டு இந்த ஊரார் சொல்லிவிட்டார்கள்.

அந்த அன்னைக்கு முனிவர் அளித்த கோலமும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய அங்கியை நீக்கித் தமிழ்ப் பெண்ணுக்குரிய சேலையும் அணிகளும் பூண்டவளாக, குழந்தையைக் கையில் ஏந்தியவளாக அவளைச் சித்திரித்து, அச்சித்திரத்தைப் பார்த்துச் சுரூபம் செய்வித்து வரவழைத்தார் என்பது அவ்வாலயத்தின் பரம்பரைச் செய்தி. இவ்விதமான தழுவல்களை அக்காலத்துக் கிறிஸ்தவர்களிலேயே பலர் ஆட்சேபித்தார்கள். போப்பரசரின் பிரதிநிதியாகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர் 1704இல் மதுரை மிஷனாரிமார் அனுமதித்த வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்து கட்டளையிட, அதனால் எழுந்த விவகாரம் 1744 வரையில் ஓயவில்லை. அந்த வாக்குவாதத்தின் நுட்பங்கள் இன்று நூலகங்களில் உறங்குகின்றன. சேலையுடுத்த அந்தத் தாயோ, தன்னிடம் வருகிறவள் எந்த மொழியில் அழுகிறாளோ அந்த மொழியிலேயே கேட்கிறவளாக இன்றைக்கும் நிற்கிறாள்.

கோணாங்குப்பத்தைச் சொல்லும்போது அதன் உடன்பிறந்த தலமாகிய ஏலாக்குறிச்சியையும் சொல்ல வேண்டும். தெற்கே கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மழவராயர் பாளையத்துக்கு உட்பட்டிருந்த அவ்வூருக்கு முனிவர் இட்ட பெயர் திருக்காவலூர். அங்குள்ள அன்னைக்கு இட்ட பெயர் அடைக்கல மாதா. அலங்காரத்துக்காக இட்ட பெயர்கள் அல்ல இவை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் சகசியின் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். வீடும் நிலமும் இழந்தவர்களுக்கு ஆற்றைக் கடந்தால் வேறொரு தலைவரின் எல்லை, வேறொரு நீதி. கொள்ளிடத்தின் மணலில் மூட்டை முடிச்சுகளோடு நடந்து அக்கரை சேர்ந்த குடும்பங்களுக்கு அடைக்கலம் என்பது கண்ணால் கண்ட கரை. முனிவர் அந்த அன்னையின்மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார்; கலம்பகம் என்னும் பிரபந்தம் அரசர்க்கும் தெய்வங்களுக்கும் உரியதாக இருந்த தமிழ் மரபில், அகதிகள் கூடிய ஒரு சிற்றூரின் தலைவிக்கு அதனைச் சூட்டினார். முனிவரும் அபயம் தேடியவரே. தென்பாண்டிச் சீமையில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில் சிறைப்பட்டு மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டார். முதுமையில், காவிரி நாட்டில் தாம் கட்டிய ஆலயங்களை விட்டுப் பிரிந்து சென்று, 1747இல் மலையாள நாட்டின் அம்பலக்காட்டில் உயிர்நீத்தார்.

இந்த அநுபவம் முழுவதும் திரண்டு நிற்கும் இடம் தேம்பாவணி. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 விருத்தங்களும் கொண்ட அக்காவியத்தை 1726இல் முனிவர் நிறைவுசெய்தார். கோணாங்குப்பத்துப் பெரியநாயகியின் திருவடியிலேயே அது உருவாயிற்று என்பது அத்தலத்தாரின் உறுதியான நம்பிக்கை. அதன் நாயகர் யேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர்; வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினார் கவி. சுவிசேஷங்களில் ஒரு வார்த்தையும் பேசாத ஒரு தச்சனை, மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் மகுடம் சூட்டும் வரையில் கொண்டுபோவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! தேம்பாவணியைக் கம்பனோடு ஒப்பிட்டும் சிந்தாமணியோடு ஒப்பிட்டும் சொற்சுவை பேசுவோர் பலர். அதன் கதைப்போக்கில் கவி எதை விரித்தார், எதைச் சுருக்கினார் என்று பார்த்தால் அவர் உள்ளம் இன்னும் தெளிவாகப் புலப்படும் என்பது என் எண்ணம்.

மத்தேயுவின் சுவிசேஷத்தில் எகிப்துப் பயணம் சில வசனங்களில் முடிந்துவிடுகிறது. ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். சூசை கனவில் எச்சரிக்கப்பட்டு இரவோடிரவாகத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். அரசன் இறந்தபின் திரும்புகிறார். முனிவரோ அந்தப் பயணத்தைக் காடும் மலையும் பாலையும் கடந்து படலம் படலமாக நடத்துகிறார். எகிப்தில் அந்தக் குடும்பம் அந்நியராக வாழ்ந்த வருஷங்களையும், தச்சுத்தொழிலால் ஜீவனம் நடத்தியதையும், ஏழைகளிடையே அவர்கள் செய்த ஆறுதலையும் விஸ்தாரமாகப் பாடுகிறார். கொள்ளிடம் கடந்து வந்தவர்களுக்கு இந்தப் பகுதி எப்படிக் கேட்டிருக்கும்! அடைக்கலம் தருகிறவள் என்று அவர்கள் கைகூப்பிய தாய், அரசனுக்கு அஞ்சிக் கைக்குழந்தையோடு எல்லை கடந்து ஓடினவள். உலகத்தைப் படைத்த கடவுள் என்று அவர்கள் ஆராதித்தவர், பரதேசத்தில் பிறர் ஊரில் ஒண்டிக் குடியிருந்த பிள்ளை. துன்பத்துக்கு அப்பால் சிங்காசனத்தில் வீற்றிருந்து அன்பு செலுத்தும் தெய்வத்தை அவர்கள் முன்பே அறிந்திருக்கக்கூடும். தங்களோடு மூட்டை சுமந்து நடந்த தெய்வத்தைக் கிறிஸ்தவ வேதம் அவர்களுக்குக் காட்டியது.

இன்னோர் இடம், இன்றைய பள்ளிப் பிள்ளைகளும் தமிழ்ப் பாடநூலில் பயிலும் இடம். திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்பது காவியத்தில் பெயர். தாய் எலிசபெத்தோடு கானகத்தில் வாழ்ந்த அந்தச் சிறுவன், தாய் இறந்தவுடன் தனியனாக நின்று புலம்புகிறான். அவளே தனக்கு உணவும் வழியும் துணையுமாக இருந்ததையும், இனித் தான் எதை அறிந்து எவ்வாறு பிழைப்பது என்பதையும் சொல்லி அவன் அழ, காட்டு மலர்களும் சுனைகளும் பறவைகளும் அவனோடு கண்ணீர் உகுப்பதாகக் கவி வருணிக்கிறார். அந்தச் சமயத்தில் ஒரு தேவதூதனை அனுப்பி அழாதே என்று சொல்லவைக்கக் கவிக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. காவிய மரபு அதற்கு இடம் கொடுக்கும். அவர் முதலில் அவனை அழவிடுகிறார். காட்டையே அவனோடு அழவிடுகிறார். துக்கத்தை உபதேசத்தால் அடக்க முற்படாமல், அதன் பக்கத்தில் உட்கார்ந்து பங்கெடுத்துக்கொள்ளும் இந்தப் பொறுமையே ஆறுதல் என்பதன் மெய்யான இலக்கணம் என்று நான் கருதுகிறேன். இறுதியில் வளன் நோயுற்றுக் கிடக்கும்போதும் அப்படியே. அற்புதங்களைச் செய்ய வல்ல மகன் அருகிலிருந்தும் தந்தை பிழைக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் மகனும் மறு பக்கம் மரியன்னையும் இருக்க அவர் உயிர் பிரிகிறது. கத்தோலிக்கர்கள் நல்மரணத்துக்காகச் சூசையப்பரை வேண்டிக்கொள்ளும் வழக்கத்துக்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாகுந்தறுவாயில் கிடக்கும் முதியவரின் காதில் உறவினர்கள் யேசு, மரி, சூசை என்ற மூன்று பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும் வழக்கத்தைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள்.

பவுலடியார் உரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், உபத்திரவத்தையும் பஞ்சத்தையும் ஆடையின்மையையும் வாளையும் ஒவ்வொன்றாகப் பெயரிட்டு, இவற்றில் எதுவும் கிறிஸ்துவின் அன்பினின்று நம்மைப் பிரிக்காது என்று வாதிக்கிறார். அவர் பெயரிட்ட யாவும் 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டுச் சீமையில் வந்தன. அவை வாரா என்று பவுலடியார் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தேவசிநேகம் என்று பழைய கத்தோலிக்கத் தமிழில் வழங்கிய அந்த அன்பை, விபத்துக்கு எதிரான தாயத்தாகக் கருதி வந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். விபத்தின் உள்ளேயும் விட்டுப் பிரியாத துணையாகக் கண்டவர்களே நிலைத்தார்கள்.

அந்த நிலைபேறு விரைவிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. 1759இல் போர்ச்சுகல் அரசு யேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து துரத்தியது. 1773இல் போப்பரசரே அச்சபையைக் கலைத்தார். மதுரை மிஷனின் தலங்கள் 1776இல் புதுச்சேரியிலிருந்த பாரீசு வேதபோதக சபையாரின் பொறுப்பில் விடப்பட்டன. பரந்த நாட்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க குருமார், அவர்களும் வயோதிகர். ஹைதரின் படையெடுப்பும் அதே சமயத்தில். பூசையும் பாவசங்கீர்த்தனமும் கிடைக்காமல் வருஷக்கணக்கில் இருந்த ஊர்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்கள்தாம். இவர்களை மனத்தில் கொண்டே முனிவர் 1727இல் வேதியர் ஒழுக்கம் என்ற வசன நூலை எழுதியிருந்தார். நோயாளியைத் தேடிச் செல்வதும், சாகிறவனுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பதும், சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிப்பதும், மாலையில் ஜனங்களைக் கூட்டி மந்திரம் சொல்வதும் அவர்களுடைய ஊழியம். சம்பளம் அற்பம், சில இடங்களில் அதுவும் இல்லை. கடவுளின் அன்பு ஒரு தலைமுறை முழுவதும் இத்தகையோரின் கால்நடையாகவே இந்நாட்டு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பெயர்கள் எந்தக் காவியத்திலும் இல்லை.

இவ்வளவு சொன்னபின் ஒரு களங்கத்தை மறைப்பது நியாயமாகாது. மதுரை மிஷன் பிராமண சந்நியாசிகள், பண்டார சுவாமிகள் என்று குருமாரையே ஜாதிக்கேற்பப் பிரித்தது. ஆலயங்களில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனி இடமும் தனி வாசலும் இருந்தன. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்து ஆலயத்தினுள் ஜாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியது முதல் வளர்ந்த லுத்தரன் சபையாரை எதிர்த்து முனிவர் 1728இல் வேத விளக்கம் எழுதினார். கொள்கையில் இவ்வளவு கடுமையாக மோதிக்கொண்ட இரு சபைகளும் இந்த ஒரு குற்றத்தில் ஒத்திருந்தன என்பது வருந்தத்தக்கது. லைப்சிக் மிஷனில் ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ், திருவிருந்தில்கூட ஜாதி பாராட்டுவதைச் சபை சகித்துக்கொண்டதைப் பொறாமல் அதனின்று விலகி, 1860களின் தொடக்கத்தில் பண்ணுருட்டிக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே நிலையம் அமைத்தார். பெத்தானியா என்று அதற்குப் பெயர். டென்மார்க்கு மிஷன் சங்கம் அவருக்கு ஆதரவாக வந்து, இப்பகுதியில் இன்றுள்ள ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வித்திட்டது. அடைக்கலம் என்று எழுதிய வாசலில் ஒருவனை நிறுத்தி, உனக்கு வேறு வாசல் என்று சொல்வதானால் அந்த எழுத்துக்கு அர்த்தமில்லை என்று ஓக்ஸ் உணர்ந்தார். முனிவரிடத்தில் எனக்குள்ள பக்தி எவ்வளவாயினும், இந்த விஷயத்தில் அந்த ஜெர்மானியரின் பக்கமே நிற்பேன்.

தேம்பாவணி நெடுங்காலம் ஏட்டில் இருந்து, 1851 முதல் 1853 வரை புதுச்சேரி மாதா கோவில் அச்சகத்தில் மூன்று பாகங்களாக அச்சேறியது. கோணாங்குப்பத்து ஆலயம் இன்று புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த திருத்தலம். தை மாதத் திருவிழாவுக்குக் கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் திரளாக வருகிறார்கள்; பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் கச்சிராயரின் கதையை நன்றாக அறிந்தே வருகிறார்கள். கச்சிராயர் குடும்பத்தார் இந்துக்களாகவே இருந்துகொண்டு, தங்கள் முன்னோர் எழுப்பிய கோவிலின் தேர்த்திருவிழாவில் தங்களுக்குரிய மரியாதையைப் பெற்றுவருகிறார்கள். அவர்களை மதம் மாறச் சொல்லி அந்தத் தாய் கனவில் கேட்டதாக ஊர்க்கதையில் எங்கும் இல்லை. இருக்க ஓர் இடம் மட்டுமே கேட்டாள்.